ஆடை விற்பனைத் துறையில் தலைமைப் பொறுப்பும் மேலாண்மைப் படிப்பும்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் பட்டப்படிப்பை முடித்து, ஓர் ஆடை நிறுவனத்தின் கடைகளில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருவதையும், அந்த வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்க விரும்புவதையும் எழுதியிருந்தீர்கள். கையில் இருக்கும் வேலையை விட்டுப் படிக்கப் போவது புத்திசாலித்தனமா, துணி விற்கும் தொழிலுக்கு மேலாண்மைப் படிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் படிக்கலாம். ஆனால், அங்கே எந்தப் பாடங்களில் உழைக்கிறார், படித்து வெளியே வந்ததும் எந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குகிறார் என்பவற்றைப் பொறுத்தே அந்தப் படிப்பு அவரைத் தலைமை வரை அழைத்துச் செல்லும்.

இந்தத் துறையில் மேலே வந்த பெண்கள் அனைவரும் எம்.பி.ஏ. படித்தவர்கள் அல்லர் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ஆடை நிறுவனமான பர்பெரியை 1997 முதல் 2006 வரை வழிநடத்திய ரோஸ் மேரி பிராவோ ஆங்கில இலக்கியம் படித்தவர். அவருக்குப் பின் 2014 வரை அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஆஞ்செலா ஆரெண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங்கிலும் (விற்பனைச் சரக்கைத் தேர்ந்து திட்டமிடும் துறை) சந்தைப்படுத்தலிலும் இளங்கலைப் பட்டம் பெற்றவர். மறுபக்கம், 2017 முதல் அமெரிக்காவின் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் ஆடை நிறுவனத்தின் தலைமையில் இருக்கும் ஃப்ரான் ஹோரோவிட்ஸும், 2024 ஜனவரியில் ஜீன்ஸுக்குப் பெயர்பெற்ற லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற மிஷெல் காஸும் எம்.பி.ஏ. பட்டதாரிகள். மிஷெல் காஸ் முதலில் படித்தது வேதிப் பொறியியல்.

இவர்களைவிட உங்கள் மகள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஹெலனா ஹெல்மர்சனின் பாதை. ஸ்வீடனின் உமெயோ பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த அவர், 1997-இல் அந்நாட்டின் ஆடை நிறுவனமான எச் அண்ட் எம்மின் கொள்முதல் பிரிவில் பொருளியலாளராகச் சேர்ந்தார். பின்னர் டாக்காவிலும் ஹாங்காங்கிலும் உற்பத்தி சார்ந்த பணிகள், அதன்பின் நீடித்த வளர்ச்சிக்கான பிரிவின் பொறுப்பு, அதற்குப் பிறகு செயல்பாட்டுப் பொறுப்பு எனப் பல படிகளைக் கடந்து, 2020-இல் அந்த நிறுவனத்தின் முதல் பெண் தலைமைச் செயல் அலுவலர் ஆனார். 2024 ஜனவரி வரை அப்பொறுப்பில் இருந்தார். கல்லூரியில் கற்ற கணக்கு அவரைக் கொள்முதல் மேசையில் அமர்த்தியது; அங்கிருந்து மேலே ஏற இருபதாண்டுகளுக்கும் மேலான உழைப்பு தேவைப்பட்டது. பட்டத்தைப் பெற்ற உடனேயே உயர் பதவி கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் வீட்டில் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எம்.பி.ஏ. கற்பிக்கும் வணிகப் பள்ளி எதைத்தான் தருகிறது? ஆடைத் தொழிலின் அடிப்படைச் சிக்கல், வாங்கும் முடிவும் விற்கும் நாளும் மாதக்கணக்கில் விலகி நிற்பதுதான். அடுத்த பருவத்தில் எந்த நிறம், எந்த அளவு, எத்தனை உருப்படிகள் என்பதை வாடிக்கையாளர் கடைக்குள் நுழைவதற்கு வெகு முன்பே தீர்மானித்தாக வேண்டும். குறைவாக வாங்கினால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். கூடுதலாக வாங்கினால் பருவம் முடிந்ததும் தள்ளுபடியில் தள்ளிவிட வேண்டும். கடையில் வேலை செய்த அனுபவம் இந்தச் சிக்கலைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அதை எண்களாக மாற்றி முடிவெடுக்கும் பயிற்சி வகுப்பறையில் கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இரண்டு ஆடைகள், ஒவ்வொன்றும் 100 ரூபாய்க்கு விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆடையின் அடக்க விலை 40. இரண்டாவதன் அடக்க விலை 60. மேலோட்டமாகப் பார்த்தால் 60 இலாபம் தரும் முதல் ஆடையே சிறந்தது. ஆனால், அது விற்றுத் தீர ஆறு மாதங்கள் ஆகின்றன. இரண்டாவது ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. முதல் ஆடையில் போட்ட 40 ஓராண்டில் இரண்டு சுற்று வந்து 120 சம்பாதிக்கிறது, அதாவது போட்ட பணத்தைப் போல் மூன்று மடங்கு. இரண்டாவதில் போட்ட 60 எட்டுச் சுற்று வந்து 320 சம்பாதிக்கிறது, அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். சரக்கில் முடங்கிய பணம் எவ்வளவு வேகமாகத் திரும்பி வந்து உழைக்கிறது என்பதை மொத்த இலாபத்தோடு சேர்த்துப் பார்க்கும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர், கொள்முதல் கூட்டத்தில் தம் இரசனையை மட்டும் வைத்து வாதாடமாட்டார். பெண்களின் கருத்தை ‘உள்ளுணர்வு’ என்று புன்னகையோடு ஒதுக்கிவிடும் கூட்டங்களை என் ஆலோசனைக்கு வரும் பலர் விவரித்திருக்கிறார்கள். அங்கே எண்ணோடு பேசுபவரை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடிவதில்லை. ஒரு பெண்ணுக்கு இந்தப் படிப்பு தரும் பெரிய பலமாக நான் கருதுவது இதையே.

நிதிக் கணக்கியலும் இதே அளவுக்கு முக்கியம். கடை வாடகை ஆடை விற்பனையின் பெரிய செலவுகளுள் ஒன்று. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கணக்கியல் தரத்தின்படி, பெரும்பாலான நீண்டகாலக் குத்தகைகள் நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பிலேயே கடன் பொறுப்பாகக் காட்டப்படுகின்றன. புதிய கடை திறப்பதா, நட்டத்தில் ஓடும் கடையை மூடுவதா என்று பேசும்போது இதை வாசிக்கத் தெரியாதவர், நிதிப் பிரிவினர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியிருக்கும்.

இங்குதான் மாணவியர் பலர் வழி தவறுவதைப் பார்க்கிறேன். ஃபேஷன் மீதுள்ள ஆர்வத்தால் பிராண்ட் மேலாண்மை, விளம்பரம், வாடிக்கையாளர் மனநிலை ஆகிய பாடங்களை மட்டுமே எடுத்துவிட்டு, செயல்பாட்டு மேலாண்மையையும், சரக்கு ஆலையிலிருந்து கடை வரை வந்து சேரும் விநியோகச் சங்கிலியையும் கடினமானவை என்று தவிர்த்துவிடுகிறார்கள். அதனால் வேலையும் விளம்பரப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ அமைகிறது. அவை மதிப்பான பணிகள்தாம். மனிதவளத் துறையிலிருந்தே 2022-இல் பிரான்ஸில் பிறந்த ஆடம்பர ஆடை நிறுவனமான ஷனெலின் உலகத் தலைமைக்கு உயர்ந்த லீனா நாயர் அதற்குச் சான்று. ஜாம்ஷெட்பூரில் உள்ள எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரியில் படித்த அவர், ஷனெலுக்கு வருமுன் நுகர்பொருள் நிறுவனமான யூனிலீவரில் சுமார் முப்பதாண்டுகள் பணியாற்றியவர். எனினும், அது அரிதாக நடப்பது. பொதுவாக, ஒரு பிரிவின் அல்லது ஒரு வட்டாரத்தின் இலாப நட்டத்துக்குப் பொறுப்பேற்று நடத்திக்காட்டியவரையே இயக்குநர் குழு தலைமைப் பதவிக்குத் தேடுகிறது. உங்கள் மகள் படிப்பை முடித்த பின் இரண்டு வேலைகளுக்கிடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், பெயர்ப்பலகை சிறிதானாலும் இலாப நட்டக் கணக்குக்குத் தானே பொறுப்பேற்கும் பணியை எடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்புத் தோழர்கள் தரும் பயனையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கத்ரினா லேக் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படிக்கும்போதே 2011-இல் வாடிக்கையாளரின் இரசனைக்கேற்ப ஆடைகளைத் தேர்ந்து அனுப்பும் ஸ்டிச் ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2017-இல் அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆடைகளை வாடகைக்குத் தரும் ரென்ட் த ரன்வே நிறுவனத்தை 2009-இல் தொடங்கிய ஜெனிஃபர் ஹைமனும் ஜெனிஃபர் ஃப்ளைஸும் அதே பள்ளியில் சந்தித்துக்கொண்டவர்கள். எல்லோரும் தொழில் தொடங்க வேண்டியதில்லை. பின்னாளில் நம்பிக் கேட்கக்கூடிய பத்துப் பேரைச் சம்பாதித்தாலே போதும்.

படிப்பின்போது உங்கள் மகள் தவறவிடக் கூடாத இன்னொன்று உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல நாடுகளின் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளர்கள் அவர்கள், பெரும்பாலோர் பெண்கள். கொள்முதல் மேசையில் விலையைக் குறைத்து, தைத்துத் தர வேண்டிய கால அவகாசத்தையும் சுருக்கும்போது அதன் அழுத்தம் தையல் கூடத்தில் போய் இறங்குகிறது. அந்த மேசையில் நாளை அமரப்போகும் உங்கள் மகள், இந்தத் தொடர்பைக் கற்பிக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

திருமணம், குழந்தை, வயது ஆகியவற்றைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஓரிரு ஆண்டு முழுநேரப் படிப்பு எதையும் கெடுத்துவிடாது. உண்மையான நெருக்கடி அதற்குப் பிறகு, பொறுப்பு பெருகி இடமாற்றமும் பயணமும் கூடும் காலத்தில் வருகிறது. அந்த வாய்ப்புகளை ‘வீட்டுக்குச் சரிப்படாது’ என்று நீங்களே முன்கூட்டி மறுத்துவிடாமல், முடிவை அவரிடம் விடுங்கள். கடன்சுமை கவலையளித்தால், வேலையில் இருந்தபடியே படிக்கும் பகுதிநேரத் திட்டங்களையும் பாருங்கள். இப்போதைய நிறுவனத்திலேயே இன்னும் ஓராண்டு இருந்து, கொள்முதல் பிரிவில் சிறிது அனுபவம் பெற்றபின் சேருவதும் நல்லதே.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பள்ளியிடமும் ஒரு விவரத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: அண்மையில் படித்து முடித்த பெண்களில் சில்லறை விற்பனைத் துறைக்குப் போனவர்கள் எந்தப் பணியில் சேர்ந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இருவரிடமாவது அவர் நேரில் அல்லது தொலைபேசியில் பேசட்டும். அந்த விவரங்களோடு இருவரும் வாருங்கள்; பள்ளிகளின் பாடத்திட்டங்களை ஒன்றாக அமர்ந்து பார்ப்போம்.