ஆன்டெனாவின் மறுபாதி: ஹாம் வானொலி கேள்வி-பதில்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி வழியே ஒருவரோடொருவர் பேசும் ஹாம் வானொலி பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுடையவை. கருவிக்குப் பணம் செலவழித்தாயிற்று, ஆன்டெனா கட்ட இடமில்லை என்பதே பொதுவான குறை. கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆன்டெனாக்களைப் பற்றிய கேள்விகளையே பெரும்பாலும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மேடவாக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மொட்டை மாடியில் நிரந்தரமாகக் கம்பம் நடச் சங்கம் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டி மாலையில் அவிழ்த்துவிடும்படி, 40 மீட்டர் அலைவரிசையில் கோவை, மதுரை நண்பர்களோடு பேச என்ன கட்டலாம்?

நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பியான டைபோலைத் தலைகீழ் 'வி' வடிவில் கட்டுவதைத் தவிர வேறெதையும் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியதில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 40 மீட்டர் அலைவரிசை 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த நீளம் ஏறத்தாழ 20.1 மீட்டர்; அதாவது ஒரு கைக்குப் பத்து மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும். வீட்டு வயரிங்கிற்கு வாங்கும் பிவிசி உறையிட்ட செம்புக் கம்பியே போதும். உறை இருப்பதால் தேவையான நீளம் சற்றுக் குறையும் என்றாலும், ஒரு கைக்கு 10.4 மீட்டர் வெட்டிக்கொண்டு, அளந்து பார்த்து, மிகுதியை வெட்டாமல் பின்னால் மடித்து முறுக்கிவிடுங்கள். வெட்டிய கம்பியை ஒட்டவைப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது ஒருமுறை வெட்டியவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர்த் தொட்டியின் ஏணியோடு ஐந்தாறு மீட்டர் பிவிசி குழாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் உச்சியில் நடுப்பகுதியை ஏற்றி, இரு கைகளையும் எதிரெதிர்க் கைப்பிடிச் சுவர்களை நோக்கி நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். இரு கைகளுக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறையாமலும், முனைகள் ஆள் உயரத்துக்கு மேலேயும் இருக்கட்டும். துணி எடுக்க வருகிறவர் கையில் அவை படக்கூடாது. உயரம் போதவில்லையே என்று வருந்த வேண்டாம். இந்த அலைவரிசையில் தாழ்வாகக் கட்டிய டைபோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செங்குத்தாக மேலே அனுப்புகிறது. பகல் நேரத்தில், வானில் மிக உயரத்தில் மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கான அயனி மண்டலம் அதைக் குடைபோலத் தமிழ்நாடு முழுவதும் இறக்கிவிடுகிறது. அதே காரணத்தால் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் பெரிதாகப் பொருட்டில்லை. இரவில் நிலைமை மாறும்: பக்கத்து ஊர்கள் மறைந்து தொலைதூர நிலையங்கள் கேட்கத் தொடங்கும்.

கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்திலேயே அதைச் சுமார் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் எட்டிலிருந்து பத்துச் சுற்றுகள் சுற்றி டேப் ஒட்டிவிட்டால், கேபிளின் வெளிப்பின்னல் ஆன்டெனாவின் மூன்றாவது கையாக மாறாது; கீழ் வீட்டு எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சல் கேபிள் வழியே ஏறுவதும் குறையும்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கயிறு குறைந்ததால், உறை சீவிய கம்பி முனையை நேராகத் துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பியில் கட்டிவிட்டேன். ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இயங்கும் அதிர்வெண்) 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எங்கோ போய்விட்டது. கொடிக்கம்பியும் ஆன்டெனாவில் சேர்ந்துகொண்டது என்பது புரிய ஒரு மணி நேரம் பிடித்தது. முனையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதற்கப்பால் நைலான் கயிறு என்ற ஒழுங்கை மீறாதீர்கள். தெருவில் மின்வாரியக் கம்பி போகும் பக்கத்துக்கு ஆன்டெனாவையோ கயிற்றையோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு முனையில் மட்டும் கேபிளை இணைக்கும் அரையலைக் கம்பிக்கு (அலை நீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி) எர்த்தே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

மின்னோட்டம் ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் திரும்பி வந்தாக வேண்டும். டைபோலில் இரண்டு கைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இதில் மறுபாதி தெரியவில்லை என்பதுதான் வேறுபாடு. நீங்கள் எதையும் கட்டாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும், மேசையிலுள்ள கருவியும், மைக்கைப் பிடித்த உங்கள் கையும் அந்த மறுபாதியாகிவிடும். அரையலைக் கம்பியின் முனையில் மின்மறுப்பு (மாறு மின்னோட்டத்துக்கு உள்ள எதிர்ப்பு, ஓமில் அளப்பது) மிக அதிகம் என்பதால் அங்கே ஓடும் மின்னோட்டம் சிறியது. ஆகவே 40 மீட்டருக்கு இரண்டு மீட்டர் எதிர்க்கம்பி ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அதை, கேபிளுக்கும் கம்பிக்கும் இடையில் வைக்கும் மின்மாற்றியின் எர்த் முனையில் இணைத்துத் தரையில் போட்டுவிடுங்கள்.

அந்த மின்மாற்றியை ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்றுக்குப் பதினான்கு சுற்று என்று சுற்றினால் விகிதம் 7. அதன் வர்க்கம் 49. கேபிளின் 50 ஓம் 2450 ஓமாகிறது. அந்த முனையில் 100 வாட் செலுத்தினால் ஏறத்தாழ 500 வோல்ட் நிற்கும் என்பதை மனத்தில் வையுங்கள். 5 வாட்டுக்கே 110 வோல்ட் வருகிறது. இருபது மீட்டர்க் கம்பி ஒன்றே 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளிலும் வேலை செய்வது இதன் பெரிய வசதி. மரம் ஒன்றே உள்ள இடத்துக்கு இதைத்தான் நான் எடுத்துச் செல்வேன்.

கேள்வி: கையடக்கக் கருவியில் ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) நன்றாகக் கேட்கிறது, நான் பேசுவது மட்டும் விட்டுவிட்டுப் போகிறது என்கிறார்கள்.

ரப்பர் ஆன்டெனாவின் மறுபாதி உங்கள் கையும் உடலும்தான். 49 சென்டிமீட்டர்க் கம்பி ஒன்றை ஆன்டெனா இணைப்பின் வெளி உலோகத்தில் படும்படி வளையமாக மாட்டிக் கீழே தொங்கவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலை நீளம். உள் முனையைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்; பத்து ரூபாய்க்குள் முடிகிற வேலை.

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுகிறது. ஆனாலும் பக்கத்துப் பேட்டையைத் தாண்டவில்லை. கேபிள் 15 மீட்டர் ஆர்.ஜி.-58. கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்.ஜி.-6 இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அந்த மீட்டரை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பதற்கு உங்கள் கேள்வியே சான்று. 15 மீட்டர் ஆர்.ஜி.-58 இந்த அலைவரிசையில் ஏறத்தாழ பாதி ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. ஆன்டெனாவிலிருந்து திரும்புவதும் வரும் வழியில் மறுபடி பாதியாவதால், கீழே இருக்கும் மீட்டருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆன்டெனாவே இல்லாமல் ஆற்றலை வெளியே அனுப்பாமல் சூடாக்கிவிடும் டம்மி லோடு என்ற மின்தடையை மாட்டினாலும் 1.0 காட்டத்தான் செய்யும்! ஆன்டெனாவின் அடியில் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஆர்.ஜி.-6 தாராளமாகப் பயன்படும். கருவியின் 50 ஓமுக்கு எதிரே இது 75 ஓம் என்பதால் 1.5 காட்டலாம், அதில் திரும்புவது 4 விழுக்காடுதான். இழப்போ ஆர்.ஜி.-58-ஐவிடக் குறைவு. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, அதற்கேற்ற அடாப்டரை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில் செங்குத்து ஆன்டெனா வைத்தால் வெளிநாடு எளிதாகக் கிடைக்குமா?

கிடைக்கும் வாய்ப்பு வீட்டைவிட மிக நன்று. உப்பு நீர் செங்குத்து அலைகளை அதிக இழப்பின்றிப் பிரதிபலிப்பதால், ஆற்றல் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போகிறது. நமக்குக் கிழக்கே முழுவதும் கடல் என்பது சென்னையின் கொடை. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்து மீட்டர்க் கம்பியை ஃபைபர் கிளாஸ் தூண்டில் கோலில் ஏற்றி, அதே நீளத்தில் நான்கு கம்பிகளை ஈர மணலில் விரியுங்கள். கார்பன் கோல் வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். கூட்டம் சேருமுன் விடியற்காலையில் போய்விடுங்கள்; உரிமத்தின் நகல் பையில் இருக்கட்டும், ரோந்து வரும் காவலர் கேட்பது இயல்பு. வீடு திரும்பியதும் கம்பி, கனெக்டர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு படிந்த செம்பு சில வாரங்களில் கறுத்துப் பச்சை பூத்துவிடும்.

கேள்வி: உரிமம் இன்னும் வரவில்லை. கட்டிய ஆன்டெனாவில் சும்மா ஒருமுறை பேசிப் பார்க்கலாமா?

கூடாது. தேர்வெழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்ற பிறகுதான் ஒலிபரப்ப வேண்டும். அதுவரை ஆன்டெனாவை அளக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறு கருவியில் அளந்து பழகுங்கள்.

கேள்வி: டிசம்பர் புயலுக்கு முன்னதாக எந்த ஆன்டெனாவைத் தயாராக வைக்கலாம்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் குழுவே அங்கிருந்து செய்தி அனுப்பியது. நம் ஊரில் மின்சாரமும் கைபேசியும் நின்றுபோகும் நாளில் அண்டை வட்டாரத்தோடு பேச 145 மெகாஹெர்ட்ஸ் போதும். பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவுக்கு இறங்கிய 300 ஓம் தட்டை வயர் பரணில் கிடந்தால் எடுங்கள். 1.4 மீட்டர் வெட்டி, அடியில் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவையுங்கள். அதற்கு மேல் 3 சென்டிமீட்டரில் கேபிளை இணைத்து, 41 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் சிறிது வெட்டி நீக்குங்கள். கேபிளின் வெளிப்பின்னல் வெட்டுப்பட்ட பக்கத்துக்குப் போக வேண்டும். வெட்டுக்குக் கீழுள்ள பகுதி பொருத்தும் வேலையைச் செய்துவிடுவதால் தனியாக எதிர்க்கம்பிகள் வேண்டாம். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தில் நூலால் தொங்கவிடுங்கள்; இடி கேட்டதும் வெளியே தொங்குவதை உள்ளே இழுத்து, கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள்.