சம்பளத்தை நம்பாமல் வாழ ஆசைப்படும் தம்பதிகளுக்கு: கேள்வி-பதில்

சிக்கனமாக வாழ்ந்து, சீக்கிரமே சொந்தக் காலில் நிற்க நினைக்கும் தம்பதிகள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம். வருமானத்தில் 20 சதவீதம் சேமிக்கிறோம். சம்பளம் இல்லாமலே வாழும் நிலை எங்களுக்கு எப்போது வரும்?

இன்று கையில் எதுவும் இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றால் சுமார் 37 ஆண்டுகள் ஆகும். பயந்துவிடாதீர்கள், இந்த எண்ணை உங்களால் நிறையவே குறைக்க முடியும்.

ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு பணம் முதலீட்டில் சேர்ந்துவிட்டால் இலக்கை எட்டியதாகப் பொதுவாக வைத்துக்கொள்கிறோம். பணவீக்கம் போக அந்தப் பணம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்வதாக எடுத்துக்கொண்டால், 10 சதவீதம் சேமிப்பவருக்கு 51 ஆண்டுகள், 30 சதவீதம் என்றால் 28, பாதிக்குப் பாதி சேமித்தால் 17, 60 சதவீதம் என்றால் பன்னிரண்டரை. இந்தக் கணக்கில் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே வரவில்லை, கவனித்தீர்களா? வருமானத்தில் எத்தனை பங்கு மிச்சமாகிறது என்பது மட்டும்தான் வருகிறது. நல்ல சம்பளம் வாங்கி எல்லாவற்றையும் செலவழிக்கும் தம்பதிக்கு இந்தப் பயணம் தொடங்குவதே இல்லை.

செலவைக் குறைப்பதில் லாபம் இரண்டு பக்கமும் வருகிறது. மாதச் செலவில் 100 குறைந்தால் அந்த 100 சேமிப்பில் ஏறும், கூடவே நீங்கள் சேர்க்க வேண்டிய மொத்தத் தொகையிலிருந்து 30,000 குறைந்துவிடும் (100 × 12 × 25). சம்பள உயர்வால் இரண்டாவது லாபம் கிடைக்காது, அதோடு உயர்வு வந்த சில மாதங்களிலேயே வாழ்க்கையும் சத்தமில்லாமல் கொஞ்சம் உயர்ந்துவிடும். 20-லிருந்து 50-க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டாம், மூச்சு முட்டிப் பாதியில் விட்டுவிடுவீர்கள். இனிமேல் வரும் சம்பள உயர்வைத் தொடாதீர்கள். அப்புறம், ஒருவர் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தி மற்றவர் சம்பளத்தை அப்படியே ஒதுக்க முடியுமா என்று மெல்ல மெல்ல முயன்று பாருங்கள். அது முடிந்துவிட்டால், நாளைக்கு ஒருவருக்கு வேலை போனாலும் வீடு ஆட்டம் காணாது.

கணவருக்கு இதில் ஆர்வமே இல்லை. நான் செலவுக் கணக்கை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். என்ன செய்ய?

இந்த வாரம் வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். கணக்கு வராததால் தோற்கும் தம்பதிகள் குறைவு, ஒருவர் இழுக்க மற்றவர் பின்னால் நடப்பதால் தோற்பவர்கள்தான் அதிகம்.

செலவுக் கணக்கை எடுத்ததும் அது அவருக்குக் குற்றப்பத்திரிகை மாதிரி தெரிகிறது, அதனால்தான் எழுந்துவிடுகிறார். கொஞ்ச நாளைக்கு எண்களை மூடி வையுங்கள். பணத்துக்காக வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, முழுதாகப் பேச விடுங்கள். அவர் பதில் உங்கள் பதிலிலிருந்து வேறாக இருக்கலாம், தப்பில்லை. நீங்கள் வேலையை விட நினைக்கலாம், அவர் அதே வேலையைப் பாதி நேரம் பார்க்க நினைக்கலாம். இரண்டுக்கும் தேவைப்படும் தொகை வேறு, அதனால் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் உட்காருங்கள். போன மாத வங்கிக் கணக்கை அச்செடுத்து மேசையில் வைத்து, ஆளுக்கொரு பென்சிலோடு வரி வரியாகப் போங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதே செலவை மறுபடி செய்வோமா? செய்வோம் என்றால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு கோடு. யார் செய்தது, ஏன் செய்தது என்ற விசாரணை கூடாது. தானாகவே பிடித்தம் ஆகிக்கொண்டிருக்கும், இருவருமே மாதக்கணக்கில் திறந்து பார்க்காத ஏதாவது ஒரு சந்தா கட்டாயம் அகப்படும். அதை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்தாலே அந்த மாதத்துக்குப் போதும்.

இன்னொன்று, இருவருக்கும் கணக்குக் கேட்காத கைச்செலவுப் பணம் வேண்டும், சம்பளம் யாருக்குக் கூட என்று பார்க்காமல் சம அளவில். அவர் அதில் என்ன வாங்கினாலும் நீங்கள் புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. இந்தத் தொகை சின்னதுதான், ஆனால் இது இல்லாத வீட்டில் ஒளித்துச் செலவழிப்பது ஆரம்பித்துவிடும், நம்பிக்கை போய்விடும்.

சின்னச் சின்ன ஆசைகளை எல்லாம் விட்டுவிட்டோம், ஆனாலும் மாசக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தச் சின்ன ஆசைகளில் இருவருக்கும் நிஜமாகவே பிடித்த இரண்டைத் திரும்பத் தொடங்குங்கள். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் வீடு, போக்குவரத்து, சாப்பாடு ஆகிய மூன்றும்தான் வருமானத்தின் பெரும்பகுதியைத் தின்கின்றன. தேவைக்கு மேல் பெரிதான வீட்டிலிருந்து ஒருமுறை மாறினால் ஒவ்வொரு மாதமும் தானாகவே மிச்சமாகும், தினம் தினம் மனதை அடக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தவணை மட்டும்தான் வண்டிச் செலவு என்று நினைக்கிறோம். காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, நிறுத்தக் கட்டணம், ஆண்டுதோறும் குறையும் மதிப்பு என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், இரண்டாவது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று ஒரு மாதம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

கிரெடிட் கார்டு கடன் இருக்கிறது. அதை அடைப்பதா, முதலீட்டைத் தொடங்குவதா?

கடனைத்தான் முதலில். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், கட்டாமல் விட்ட கடன் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 24 சதவீத வட்டி என்றால் மூன்றே ஆண்டுகள். அதை மிஞ்சும் நிச்சயமான வருமானத்தை எந்த முதலீடும் தராது. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி அத்தனையையும் கடனில் போடுங்கள். அடைத்து முடித்த மறு மாதமே, தவணைக்குப் போன அதே தொகை முதலீட்டுக்குப் போகட்டும்.

எங்களுக்கு இப்போது 40 வயது. 4 சதவீத விதியை நம்பி வேலையை விடலாமா?

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் போட்ட கணக்கு அது. 1926-லிருந்து கிடைத்த அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன் பத்திர விவரங்களை வைத்து, சேர்த்த பணத்திலிருந்து முதல் ஆண்டில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கும் என்று கண்டார். ஒரே ஒரு நாட்டின் சந்தை, 30 ஆண்டு ஓய்வு. உங்களுக்கோ 50 ஆண்டுகள் தேவைப்படலாம். அதனால் 25 மடங்கோடு நிற்காமல் 30 மடங்கு வரை போவது நல்லது என்பேன். 25 மடங்கு என்றால் ஆண்டுக்கு எடுப்பது 4 சதவீதம், 30 மடங்கு என்றால் 3.3 சதவீதம்.

பெரிய ஆபத்து முதல் சில ஆண்டுகளில்தான். கையில் 100 இருக்கிறது, 4 எடுத்துவிட்டீர்கள், அதே ஆண்டு எல்லாம் 30 சதவீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 67. அடுத்த ஆண்டு அதே 4-ஐ எடுத்தாலும் அது இருப்பதில் 6 சதவீதம். சந்தை பின்னால் எழுந்தாலும், விற்றுத் தின்ற பங்குகள் திரும்பி வராது. அதனால் இரண்டு மூன்று ஆண்டுச் செலவைச் சந்தைக்கு வெளியே வைத்திருங்கள், மோசமான ஆண்டில் செலவைச் சுருக்கத் தயாராக இருங்கள். எளிமையாக வாழப் பழகியவர்களுக்கு இங்கேதான் உண்மையான பலன், ஏனென்றால் எதை விட்டாலும் சந்தோஷம் குறையாது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எதில் முதலீடு செய்வது? தலை சுற்றுகிறது.

கட்டணம் குறைந்த, பரவலான ஒரு இன்டெக்ஸ் ஃபண்ட் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி) பெரும்பாலோருக்குப் போதும். கட்டணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 7 சதவீதத்தில் 30 ஆண்டுகளில் பணம் 7.6 மடங்காகும், அதில் 1 சதவீதம் கட்டணமாகப் போனால் 5.7 மடங்குதான். கால்வாசி காணாமல் போய்விடுகிறது.

இருவரில் நான் மட்டும் முதலில் வேலையை விடலாமா? மனைவிக்குச் சம்மதம்தான்.

தாராளமாக விடலாம், ஆனால் கடிதம் கொடுப்பதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு உங்கள் அலுவலகம் வழியாக வந்துகொண்டிருந்தால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். இனிமேல் வருமானம் அவர் ஒருவரிடமிருந்துதான் என்பதால் அவர் பெயரில் போதுமான டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கட்டாயம் வேண்டும். சேமிப்பும் முதலீடும் இருவர் பெயரிலும் இருக்கட்டும், எது எங்கே இருக்கிறது என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வீட்டு வேலைகளை யார் யார் பார்ப்பது என்பதைப் புதிதாகப் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் எத்தனை ஆண்டு வேலை பார்க்க ஒப்புக்கொள்கிறார் என்பதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். இன்று கொடுத்த சம்மதம் மூன்று ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பக் கேளுங்கள். அவர் களைத்துவிட்டார் என்றால் நீங்கள் மறுபடி வேலைக்குப் போக வழி திறந்திருக்க வேண்டும், அதனால் தொழில் தொடர்புகளை அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டாம்.