முன்பின் தெரியாதவர்களைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்த சாதாரண மனிதர் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். அவர் காப்பாற்றிய ஆட்களில் நானும் ஒருவன். பெயர் போடப் போவதில்லை, போட்டால் அவருக்குப் பிடிக்காது. பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்துக்காரர், மீன்பிடித் தொழில்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில், அடையாறு ஆற்றிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். நான், அப்பா, அம்மா, 81 வயதுப் பாட்டி. பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாக்கர் இல்லாமல் பத்தடி நடக்க மாட்டாள்.

அந்த நவம்பர் முழுக்க மழை. சென்னையில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருந்தது. ஏரிகள் எல்லாம் ஏற்கெனவே தளும்பிக்கொண்டு நிற்க, அதற்கு மேல் டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிட்டார்கள். ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரித் தண்ணீரும் அதே ஆற்றில்தான் வந்து சேர வேண்டும். திறந்தது தப்பா, திறந்த நேரம் தப்பா என்று இன்று வரை சண்டை நடக்கிறது. எனக்கு அந்த ராத்திரி தெரிந்ததெல்லாம், தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை என்பதுதான். பாத்ரூம் சல்லடை வழியாகக் களக் களக்கென்று மேலே வந்தது. அம்மா அதன் மேல் துணியை வைத்து அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அரை மணி நேரத்தில் அம்மிக்கல்லைத் தவிர மற்றதெல்லாம் மிதந்தது.

முதல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். வாட்ச்மேன் குடும்பமும் மேலே வந்துவிட்டது, கைக்குழந்தையோடு. விடிந்து பால்கனியில் நின்று பார்த்தால் தெருவைக் காணோம். காபித்தூளைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரு ஆறு. கார்களின் கூரை கூடத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் சன்ஷேடுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். போனில் சிக்னல் கிடையாது, சார்ஜும் கிடையாது. மேலே ஹெலிகாப்டர் போன சத்தம் மட்டும் ரெண்டு தடவை கேட்டது.

பகல் 11 மணி இருக்கும். தெருமுனையில் ஒரு ஃபைபர் போட் திரும்பியது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ரெண்டு மீன் வரைந்து நடுவில் 'அம்மா துணை' என்று எழுதியிருந்தது. நாம் தினம் ஸ்கூட்டரில் போகிற தெருவில் கடல் படகு வருவதைப் பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும். சிரிப்பு வரும், அழுகையும் வரும்.

படகில் மூன்று பேர். இந்த அண்ணன், அவர் மச்சான், பதினாறு வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். இன்ஜினை ஓட்டவில்லை, தூக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தண்ணீருக்கடியில் கார், பைக், கேபிள் ஒயர், துணிக்கொடி. எது சிக்கினாலும் இன்ஜின் விசிறி போய்விடும். மச்சான் ஒரு நீளச் சவுக்குக் கழியால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணன் தண்ணீரில் இருந்தார். இடுப்பில் கயிறு, கழுத்தளவு சாக்கடை கலந்த வெள்ளம், ஒரு கையால் மதில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் காம்பவுண்டுக்குள் படகு நுழையும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கழி உரசுகிறது என்று நினைத்தேன்.

பால்கனிக்குக் கீழே வந்ததும் அண்ணாந்து பார்த்து முதலில் அவர் கேட்டது, "எத்தினி பேரு? நடக்க முடியாதவங்க யாராச்சும் கீறாங்களா?"

என் அப்பா முதலில் கேட்டது, "எவ்ளோ ஆகும்பா?"

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். அந்த ரெண்டு மூன்று நாளில் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்ற ஊர் இது. கையில் இருந்த 700 ரூபாய்க்குள் வருமா என்று பார்த்தார், அவ்வளவுதான். அண்ணன் காதில் விழாத மாதிரி, "கை குடு சார் மொதல்ல" என்றார்.

எட்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலில் கைக்குழந்தையும் வாட்ச்மேன் சம்சாரமும், அப்புறம் பாட்டி, அப்புறம் மற்ற பெண்கள். சூட்கேஸோடு வந்த மேல்மாடிக்காரரைப் பார்த்து, "பொட்டிக்கு ஒரு ஆளு எறங்கணும், யாரு எறங்குறீங்க?" என்று சத்தம் போட்டார். நல்ல கோபம். சினிமாவில் காட்டுகிற மாதிரி கண்ணில் கருணை வழிய யாரும் வரவில்லை. சொன்னதைக் கேட்காதவர்களை எல்லாம் திட்டிக்கொண்டேதான் காப்பாற்றினார். என்னையும் திட்டினார், எழுந்து நின்றதற்கு.

பாட்டியை அவர் முதுகில்தான் ஏற்றினோம். சாந்தோம் பக்கம் ஆட்டோவில் போனால், மீன் கடைகள் வரிசையாக இருந்த லூப் ரோடு வரும்போதே மூக்கில் தலைப்பை வைத்துக்கொள்கிற ஆள் என் பாட்டி. அவர் கழுத்தை ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பால்கனிக் கம்பியிலிருந்து படகுக்கு ஒன்றரை அடி இடைவெளி. அதைத் தாண்டும்போது அவர் வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

உட்கார வைத்த பிறகு, "ஆயா, பழந்துணி ஏதாச்சும் இருந்தா குடு" என்று கேட்டார். பாட்டி மடியில் இருந்த மூட்டையில் கையை விட்டு, வந்த புடவையை எடுத்துக் கொடுத்தாள். தலை துவட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைத்தோம்.

கடைசியாக ஏறியது நான். அப்பாவும் வாட்ச்மேனும் அடுத்த நடைக்குத்தான். போகும்போது அந்தப் பையன் பெயின்ட் டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே வந்தான், ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். தூறல் கூட அப்போது விட்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

இருந்ததிலேயே மோசமான இடம் குறுக்குத் தெரு. ஆற்றுத் தண்ணீர் அதன் வழியாகத்தான் குறுக்கே பாய்ந்தது. சாதாரண நாளில் நாலு எட்டில் கடக்கிற தெரு. அண்ணன் படகை நிறுத்தச் சொல்லி, கயிற்றின் ஒரு நுனியை லைட் கம்பத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றி மச்சான் கையில் கொடுத்தார். அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பினார். பிறகு மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட, படகு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எதிர்ப்பக்க மதிலில் போய் ஒட்டியது. நேராகக் கடக்கப் பார்த்திருந்தால் கவிழ்ந்திருப்போம். நடுவில் ஒரு மரக் கட்டில் வேகமாக வந்து மோதப் பார்த்தது. அதைத் தோளால் தள்ளிவிட்டார். தோளில் ரத்தம்.

"கடல் மாதிரிதானே அண்ணே?" என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"கடல் எங்க, இது எங்க. அலை தூக்கும், அப்புறம் எறக்கும், நடுவுல நீ மூச்சு வுட்டுக்கலாம். வன்னியோ தெண்டியோ, வெள்ளம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தா தெரிஞ்சிடும். இது இன்னா, ஒவ்வொரு சந்துலயும் ஒவ்வொரு பக்கம் இழுக்குது."

அவர்கள் பாஷையில் வெள்ளம் என்றால் நீரோட்டம். வடக்கிலிருந்து வந்தால் வன்னி, தெற்கிலிருந்து வந்தால் தெண்டி. எனக்குப் பேரழிவாக இருந்த ஒரு சொல் அவருக்குத் தினசரி வேலைக்கான சொல்.

காந்தி மண்டபம் சாலைப் பக்கம் மேடான இடத்தில் இறக்கிவிட்டார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர், "காஞ்ச தீப்பெட்டி யாராண்டயாச்சும் கீதா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கொடுத்தார். பாதி பீடி குடித்துவிட்டு, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு, அப்பாவைக் கூட்டி வரப் போனார். கூட்டியும் வந்தார். எங்கள் தெருவுக்கு மட்டும் அன்று நாலு நடை.

ஏன் வந்தீர்கள் என்று மச்சானைக் கேட்டேன். "லாரி வந்துச்சு, ஏத்துனாங்க, வந்துட்டோம்" என்றார். இதற்கு மேல் ஒரு தத்துவமும் அவரிடமிருந்து பெயரவில்லை. நவம்பர் முழுக்க மழையால் கடலுக்குப் போக முடியாமல், வருமானம் இல்லாமல் இருந்த குப்பம் அது. 2004 சுனாமியில் அடிபட்ட கரை. படகு போனால் பிழைப்பு போச்சு. அந்தப் படகைத்தான் கார் கூரைகள் மேலும் மதில் கம்பிகள் மேலும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். கடற்கரை ஊர்களிலிருந்து லாரிகளில் படகு ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலுவா, சாலக்குடி வரை போனார்கள். 669 படகுகள், நாலரை ஆயிரம் மீனவர்கள், அவர்களால் மீட்கப்பட்டவர்கள் 65,000 பேர் என்பது அரசு சொன்ன கணக்கு. மலப்புரம் வேங்கரையில் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து, தன் முதுகைப் படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிய வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. அதைப் பார்த்து ஊரே உருகியது. எனக்கு அந்த முதுகு புதிதில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் ரோட்டில் மீன் கடைகளை அகற்றினார்கள். மீனவர்கள் மறியல் செய்தார்கள். அந்த வாரம் என் பழைய அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் 'ரொம்ப நல்ல காரியம், நாத்தம் தாங்கல' என்று எழுதியவர் யார் தெரியுமா? சூட்கேஸ்காரர். நான் பதில் எதுவும் போடவில்லை, குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்வீட் பாக்ஸும் கவரில் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். பெயர் தெரியாது. ரெண்டு மீனையும் 'அம்மா துணை'யையும் வைத்துத்தான் விசாரித்தேன். வரிசையாக நிற்கிற படகுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு துணை எழுதியிருந்தது. கடைசியில் ஒரு ஐஸ் பெட்டிக்காரர் கை காட்டினார். அண்ணன் படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

என்னை அடையாளம் தெரியவில்லை. "அன்னிக்கு எத்தினி பேரு தம்பி, மூஞ்சி எங்க ஞாபகம் வரும்" என்றார். கோட்டூர்புரம் என்றேன், தெருப் பெயர் சொன்னேன், பாட்டியை முதுகில் சுமந்தது என்றேன். அதுவும் பல பாட்டிகள் போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று, "கேட்டு மேல ஈட்டி ஈட்டியா வெச்ச வூடா?" என்றார்.

ஆமாம். எங்கள் காம்பவுண்டு கேட்டில் அலங்காரத்துக்கு ஈட்டி முனைக் கம்பிகள் வைத்திருக்கும். அன்று அது தண்ணீருக்கடியில் இருந்தது.

எழுந்து படகின் அடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முழங்கையிலிருந்து விரல் நுனி நீளத்துக்கு, வேறு நிறத்தில் ஃபைபர் ஒட்டுப் போட்டிருந்தது. "உங்க கேட்டுதான். உள்ள நொழையசொல்லவே கிழிச்சிடுச்சு. சொன்னா பயந்துட்டு எகிறுவீங்கன்னு சொல்லல. ஆயா ஒரு பொடவ குடுத்திச்சே, அத்த திணிச்சு அடைச்சிதான் பொழுது சாயற வரைக்கும் ஓட்னோம். ஒம்பது கெஜம் இல்ல? நல்லா நின்னுது."

கவரை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒட்டுப் போட்ட செலவாவது கொடுக்கிறேன் என்றதற்கு, அது முடிந்துபோன கணக்கு என்றார். ஸ்வீட் பாக்ஸை அவர் சம்சாரம் வாங்கிக்கொண்டு, "மீனு எட்த்துனு போ தம்பி, வவ்வாலு கீது" என்றார். நாங்கள் சாப்பிடுவதில்லை என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எந்தப் புடவைடா? அரக்குக் கலரா?"

"ஆமா பாட்டி, அதான்னு நினைக்கிறேன்."

"பழசு இல்லையே அது. ரெண்டே தடவைதான் கட்டியிருந்தேன்" என்றாள்.