கொடைப் பணமும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியும்: வாசகர் கேள்வி-பதில்

நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். நோய் பற்றிய சந்தேகத்துக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே பேச்சு பணம், கைவேலை, ஆராய்ச்சி பற்றி மட்டும்.

கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வசூல்) போட்டதில் செலவு போக 40,000 ரூபாய் மிச்சம். ஊரில் இரண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததால், அந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. "நாப்பதாயிரத்துல என்ன ஆராய்ச்சி நடந்துரும்?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். (அம்பாசமுத்திரம் பக்கம், விழாக் கமிட்டி)

பெரியவர் கேட்டது நியாயம்தான். புது மருந்து கண்டுபிடிக்கும் வேலைக்கு 40,000 எந்த மூலைக்கும் காணாது. ஆனால் ஆராய்ச்சி என்றாலே புது மருந்து என்று நினைத்துவிடக் கூடாது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை நடத்திய ஒரு ஆராய்ச்சியைப் பாருங்கள். ஆபரேஷன் மேஜையில், கட்டியை எடுப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றிலும் 0.5 சதவீத லிடோகெய்ன் போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறோமே, அதே மருந்துதான். 11 மருத்துவமனைகள், சுமார் 1,600 பெண்கள். ஊசி போடாதவர்களில் ஆறு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 86; போட்டவர்களில் நூற்றுக்கு 90. மருந்துக்கு ஆகும் செலவோ சொற்பம். இதில் லாபம் இல்லாததால் எந்த மருந்துக் கம்பெனியும் இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு முன்வராது. ஊர்ப்பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்: கம்பெனி தொடாத, செலவு குறைந்த, நம் பெண்களை வைத்தே விடை காண வேண்டிய கேள்விகள்.

இந்த மாதிரி ஆராய்ச்சியின் முடிவு ஆறு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதுவரை ஒவ்வொரு பெண்ணும் செக்கப்புக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பஸ் காசு இல்லாமல் பாதியில் நின்றுபோனால், அவர் நன்றாக இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அப்படி நிறையப் பேர் விட்டுப்போனால் ஆராய்ச்சியே வீண். பயணப்படி, போன் போட்டு நினைவூட்டும் ஆளின் சம்பளம், ரத்த மாதிரி வைக்கும் குழாய் போன்றவற்றுக்கு 40,000 தாராளமாக உதவும்.

கொடுக்கும்போது இவற்றைப் பாருங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் நன்கொடை ஒரே கணக்கில் விழுவதில்லை. ஏழை நோயாளி சிகிச்சை நிதி, ஆராய்ச்சி நிதி, தொடாமல் வைத்து வட்டியை மட்டும் செலவழிக்கும் மூலதன நிதி என்று தனித்தனியாக இருக்கும். எதற்கு என்று நீங்கள் எழுதாவிட்டால் பொது நிதிக்குப் போய்விடும். அதனால் டிடியோடு ஒரு கடிதம்: "இத்தொகை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டும். செலவு விவரத்தை வருஷ முடிவில் தெரிவிக்கவும்." ரசீதிலும் அந்த நோக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், மாதர் சங்கம் திரட்டிய நிதியில் வளர்ந்து, 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியதுதான். சின்னத் தொகை என்று அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல் ஊருக்குள்ளேயே வரும். கொடைக்கென்று வாங்கிய வரியை வேறு காரியத்துக்குக் கொடுப்பதால், ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போதே தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் கோயில் கணக்கிலிருந்து துறை அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. டிடியை ஒரு ஆளின் பேரில் எடுத்து, அவர் அதை வைத்து வருமான வரிச் சலுகை வாங்கினார் என்று பின்னால் சண்டை வந்த ஊர்கள் உண்டு. கமிட்டி பேரில் எடுங்கள். சலுகை வேண்டும் என்கிறவர்கள் தங்கள் பங்கை நேரடியாக மருத்துவமனைக்கே அனுப்பட்டும்.

அக்டோபரில் பாளையங்கோட்டையில் பிங்க் வாக்கத்தான் நடத்த ஆசை. ஆளுக்கு 300 ரூபாய் கட்டணம், டீ-ஷர்ட் உண்டு. 400 பேர் வருவார்கள். எவ்வளவு மிஞ்சும்? (கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள்)

டீ-ஷர்ட் கொடுத்தால் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. வரவு 1,20,000. டீ-ஷர்ட் 190 ரூபாய் என்று வைத்தாலே 76,000 போச்சு. தண்ணீர், வாழைப்பழம் ஆளுக்கு 20 என்றால் 8,000. மைக், ஆம்புலன்ஸ், பேனர் 15,000. கையில் நிற்பது 21,000. கட்டியவர்களோ தங்கள் 300ம் ஆராய்ச்சிக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். டீ-ஷர்ட்டை விட்டுவிட்டு 5 ரூபாய் ரிப்பன் குத்தினால் அதே வரவில் 95,000 மிஞ்சும். டீ-ஷர்ட் இல்லாமல் நடக்காது என்றால் அதற்கு மட்டும் ஒரு ஸ்பான்சரைப் பிடியுங்கள். சிகரெட், மது விற்கும் கம்பெனி வேண்டாம். மது மார்பகப் புற்றுநோய்க்கே ஒரு காரணி.

நகர எல்லைக்குள் மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், மைக்குக்கும் சேர்த்து. போகும் வழி, ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் போன் நம்பர் எல்லாம் எழுதி இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். வ.உ.சி. மைதானத்தில் தொடங்குவதானால் மாநகராட்சி அனுமதி தனி. காலை 6 மணிக்கு ஆரம்பித்து 7.30க்கு முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை எப்போது என்று சொல்ல முடியாது. மாற்றுத் தேதி ஒன்றை முதல் நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் தகராறு இருக்காது.

குலுக்கல் கூப்பன் அடித்து, முதல் பரிசு பத்தமடைப் பாய் என்று போடலாமா? (சேரன்மகாதேவி)

வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. நல்ல காரியத்துக்கு என்று சொன்னாலும், காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் குலுக்குவது வம்பில் கொண்டுபோய் விடும். சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகையில் செய்கிற மாதிரி ஏலம் விடுங்கள். அதே பாய்க்குக் கூப்பனைவிட அதிகமே கிடைக்கும்.

வசூலை என் ஜிபே நம்பருக்கே அனுப்பச் சொல்லலாமா? துபாயில் இருக்கும் சித்தப்பா, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய அத்தை, இருவரும் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். (மேலப்பாளையம்)

சொந்த நம்பர் கூடாது. உங்கள் சம்பளமும் ஊர்ப்பணமும் ஒரே பாஸ்புக்கில் கலந்தால் பிறகு நீங்களே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்பவருக்கும் நம்பிக்கை வராது. ஆராய்ச்சி நிறுவனத்தின் கியூஆரையே வாங்கிப் பகிருங்கள். பணம் உங்கள் கையைத் தொடாமலே போய்விடும். ரொக்கம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை எண் அடித்த ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு. கிழிந்த ரசீதையும் எறியாமல் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே வையுங்கள். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக்கு (80ஜி) ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தது சேராது. பொருளாகக் கொடுத்ததும் சேராது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. அத்தை விஷயம் வேறு. குடியுரிமை மாறிவிட்டதால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்கான) அட்டை இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்கில்தான். "என் கணக்கில் போடுங்க அத்தை, நான் கட்டிடுதேன்" என்று உதவப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். சுய உதவிக் குழு சார்பில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வண்டி வரவழைத்து முகாம் நடத்தினால் நல்லதுதானே? (முக்கூடல் வட்டாரம்)

வண்டிக்குக் கொடுக்கும் காசை வேறு விதமாகச் செலவழிக்கலாம் என்பது எங்கள் கருத்து. சின்ன வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் 40க்குக் கீழ் மேமோகிராமில் கட்டி சரியாகத் தெரியாது. மும்பையில் 1998ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் நடந்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழ் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஆனாலும் எல்லா வயதிலும் சேர்த்துப் பார்த்தால், கட்டி முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. மெஷின் இல்லாமல் கிடைத்த பலன் இது.

ஆகவே முகாமுக்குத் தேவை பயிற்சி பெற்ற பெண் செவிலியர் இரண்டு பேர், திரை போட்ட அறை, நல்ல வெளிச்சம். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 36 பேரைப் பார்க்கலாம். 150 பேரைக் கூட்டினால் கடமைக்குத் தடவி அனுப்புவார்கள். சுற்றிய பீடியை ஒப்படைத்துவிட்டுக் கை ஓயும் நேரமாகப் பார்த்து முகாமை வையுங்கள். காலையில் வைத்தால் ஒரு நாள் கூலிக்குப் பயந்து வர மாட்டார்கள். பதிவேட்டில் வந்த பெண்ணின் நம்பரோடு இன்னொரு பெண் உறவினரின் நம்பரும் வேண்டும். பல வீடுகளில் போன் கணவர் கையில் இருக்கும். கட்டி தெரிந்தவரின் பெயரை மைக்கில் கூப்பிடாதீர்கள். சொல்ல வேண்டியதை அறைக்குள்ளேயே சொல்லி, மேல் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

முகாம்கள் வீணாவது இதற்குப் பிறகுதான். சீட்டு வாங்கியவர் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போவதே இல்லை. போக வேண்டியதும் ஒரு தடவை அல்ல: ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் ட்ரூகட் பயாப்ஸிக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள். மூன்று நாள் கூலி, இரண்டு பேர் பஸ் காசு, சாப்பாடு. வண்டி வாடகையை மிச்சம் பிடித்து, சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதற்கென்று 2,000 ரூபாய் ஒதுக்கி, குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். "சின்னக் கட்டிதான், இங்கேயே எடுத்துரலாம்" என்று பயாப்ஸி இல்லாமல் ஆபரேஷன் செய்ய யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். புற்றுநோயாக இருந்து, முழுமையாக எடுத்தார்களா என்று தெரியாமல் போனால் இரண்டாவது ஆபரேஷன்தான். எடுத்த கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போடாவிட்டால் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்கிற கட்டிப் பரிசோதனைகளும் தப்பாக வரலாம். எந்த மருந்து கேட்கும் என்பதே அவற்றை வைத்துத்தான் முடிவாகிறது.

சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும். இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் நல நிதியிலும் கேளுங்கள்.

மைனிக்கு (அண்ணிக்கு) சென்னையில் வைத்தியம். ஆராய்ச்சியில் சேரச் சொல்லி நாலு பக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். "நம்மள வச்சு சோதனை பண்ணுதாவ" என்று அண்ணன் பயப்படுகிறார். (தென்காசி)

பயம் நியாயமானது, கேள்வி கேட்டால் தீரும். தாளை உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கலாம். தமிழில் கேட்டு வாங்குங்கள். அதில் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரசுத் தளத்தில் யார் நடத்துகிறார்கள், யார் பணம், எத்தனை பேர் என்று எல்லாம் பார்க்கலாம். டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "சேராவிட்டால் மைனிக்கு என்ன வைத்தியம் கிடைக்கும், சேர்ந்தால் அதோடு என்ன கூடும் அல்லது என்ன மாறும்?" இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் சேர வேண்டாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வைத்தியம் நிற்காது. ஆராய்ச்சியால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று புது மருந்து, மருத்துவச் சோதனைகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன.

சில நேரம் மருந்தே இருக்காது, எடுத்த கட்டியில் ஒரு துண்டை மட்டும் கேட்பார்கள். சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தொகுப்பு 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுவிலிருந்து வந்தது. பரிசோதனைக்குப் போக மிஞ்சியதைத்தான் எடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முகவரி கேட்கும் இடத்தில் சென்னை உறவினர் வீட்டை எழுதாமல் தென்காசி முகவரியையே எழுதுங்கள். தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு குடியிருக்கும் ஊரை வைத்துத்தான் எண்ணுகிறது. இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் கணக்கு சென்னையில் ஏறிவிடும்.

ரயிலுக்கு: மருத்துவமனையில் ரயில்வே சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. செல்போனில் போடாமல் ஸ்டேஷன் கவுண்டரில் எடுங்கள்.

தையல் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பணம் இல்லை, உழைப்பு தரலாம். (பேட்டை)

இதய வடிவத் தலையணை தையுங்கள். மார்பக ஆபரேஷன் ஆன பக்கம் அக்குளில் வைத்துக்கொண்டால் கை தையலில் உரசாது. பஸ்ஸில் குலுங்கும்போதும் தாங்கும். சாதாரண இதயத்தைவிட இரண்டு காதும் நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் கைக்கு அடியில் நிற்கும். பருத்தித் துணியை முதலில் துவைத்துக் கஞ்சி போக்கிவிடுங்கள். ஓரம் இரட்டைத் தையல், பஞ்சு திணிக்க நேரான ஓரத்தில் நாலு விரல் திறப்பு. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு 170 கிராம் அளவு. ஆசையில் அதிகம் திணித்தால் கல்லாகி அக்குளை அழுத்தும். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டி தட்டிவிடும், வேண்டாம். ஜரிகை, பொத்தான் கூடாது. முதலில் ஐந்து தைத்து வார்டு சிஸ்டரிடம் காட்டி, மாதம் எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மேலே தையுங்கள்.

விக் செய்ய முடி கொடுக்கலாமா? (பாளையங்கோட்டை, மாணவி)

கொடுக்கலாம். அமைப்புக்கு அமைப்பு அளவு மாறும். பெரும்பாலும் 12 அங்குலம் கேட்பார்கள், முதலில் விசாரியுங்கள். எண்ணெய் போகக் குளித்து, நன்றாகக் காயவைத்து, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் கட்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். ஈரமாகக் கவரில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தரையில் விழுந்து கூட்டி எடுத்த முடி உதவாது.