ஹாலோவீன் ஷோவுக்கு குழந்தைங்களை கூட்டிட்டு போலாமா?

கேள்வி: அக்டோபர்ல ஆர்லாண்டோ போறோம். பையனுக்கு 11, பொண்ணுக்கு 5, மாமியாரும் கூட வர்றாங்க. அங்க எல்லா தீம் பார்க்லயும் ஹாலோவீன் ஷோன்னு போட்டிருக்கான், ஃபேமிலி பார்க்தானே, எல்லாத்துக்கும் போலாமா? பையன் யுனிவர்சல் நைட் ஷோதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: பகல்ல ஃபேமிலி பார்க்தாங்க, இருட்டினா அது வேற பார்க். யுனிவர்சல்ல 1991லேர்ந்து ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்னு ராத்திரி பேய் ஷோ நடத்துறாங்க, அன்னிக்கெல்லாம் சாயங்காலம் 5 மணிக்கே பகல் கூட்டத்தை முடிச்சுட்டு தனி டிக்கெட்ல திரும்ப திறப்பாங்க. 13 வயசுக்குக் கீழ வேண்டாம்னு அவங்களே சொல்லித்தான் விக்கிறாங்க, ஆனா அது அட்வைஸ்தான், கேட்ல யாரும் வயசு கேட்டு திருப்பி அனுப்ப மாட்டாங்க, அதனால பொறுப்பு முழுக்க உங்க தலையில.

பேய் வீட்டுக்குள்ள போகாம தெருவுல சும்மா சுத்தலாமேன்னு பாத்தா அதுவும் நடக்காது. தெருவுலயே ஸ்கேர் ஸோன் இருக்கு, புகைக்கு நடுவுல ஒருத்தன் செயின்சாவை உறும விட்டுட்டு ஓடி வருவான். செயின் கழட்டின மெஷின், ஆள் மேல கை படாது, எல்லாம் சரி, ஆனா அந்த சத்தம் நிஜம்தானே? அதுவும் யார் மூஞ்சியில பயம் தெரியுதோ அவங்களைத்தான் தேடி வருவாங்க, அதுதான் அவங்க வேலை. போதாததுக்கு ரத்தம், பியர் கப்போட சுத்துற கூட்டம், சில சமயம் மேடையில மாமியார் பக்கத்துல உக்காந்து பாக்க முடியாத ஐட்டம் வேற! பையனை பகல்ல ஆசை தீர ரைடு ஏத்தி விட்டுட்டு 5 மணிக்கு கிளம்பிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லுங்க, பயந்தாங்கொள்ளின்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் கண்டிப்பா போயே தீருவான்.

பொண்ணுக்கு டிஸ்னி மேஜிக் கிங்டம்ல நடக்குற மிக்கி ஹாலோவீன் பார்ட்டி ஓகே. 1995லேர்ந்து நடக்குது, சாக்லேட், பரேட், வாணவேடிக்கைன்னு பெரும்பாலும் ஜாலிதான். ஆனா பரேடுக்கு முன்னாடி தலையில்லாத ஒருத்தன் குதிரையில பாய்ஞ்சு போவான், அப்புறம் குழி வெட்டுறவங்க மண்வெட்டியை ரோட்டுல தேய்ச்சு தீப்பொறி பறக்க விடுவாங்க. வேஷம்னு 5 வயசுக்கு நல்லாவே தெரியும், கிட்ட வந்தா தெரிஞ்சது மறந்துடும். அதனால முன்னாடியே யூடியூப்ல பகல்ல போட்டுக் காட்டுங்க, அங்க போனா கயிறு ஓரமா நிக்காம பின்னாடி நில்லுங்க, வேண்டாம்னா டக்குனு நகந்துடலாம். பார்ட்டி ராத்திரி 12 வரைக்கும் போகும், 10 மணிக்கு மேல அழுதா பேய் காரணமில்ல, தூக்கம்.

சீவேர்ல்ட்ல கொஞ்சம் உஷாரா இருங்க. பகல்ல ஸ்பூக்டாகுலர்னு சாதா டிக்கெட்லயே குழந்தைங்க ஷோ, 2021லேர்ந்து ராத்திரியில ஹவ்ல் ஓ ஸ்க்ரீம்னு தனி டிக்கெட்ல பெரியவங்க சமாச்சாரம். ஒரே பார்க், ஒரே மாசம், பேரை படிக்காம புக் பண்ணிடாதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு, முழு முகமூடி போட்டுட்டு வருவேன்ங்கிறா, விடுவாங்களா?
- வாசகர், அட்லாண்டா

பதில்: டிஸ்னி ஹாலோவீன் பார்ட்டியில 14 வயசு ஆயிட்டா முகமூடி கிடையாது, வேஷ டிரெஸ் மட்டும் போடலாம். ஹாரர் நைட்ஸ்ல வேஷமே கட்டக்கூடாது, எந்த வயசா இருந்தாலும். இல்லன்னா கூட்டத்துல யாரு பேய் யாரு பொண்ணுன்னு எப்படிங்க கண்டுபிடிப்பாங்க!