மூன்றெழுத்துப் பதில்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, நாவல் வாசிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். என்னைப்போல் அறுபதைக் கடந்தவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். சென்ற மாதம் ஒரு நாவலின் முடிவைப் பற்றி இரண்டு நாள் யோசித்து நான்கு பத்திகள் எழுதினேன். அதற்கு ஓர் இளைஞர் இட்ட பதில் 'ஐகேஆர்' என்ற மூன்றெழுத்து மட்டுமே. தேடிப் பார்த்ததில், அது 'ஐ நோ, ரைட்' என்பதன் சுருக்கம் என்று தெரிந்தது. 'எனக்குத் தெரியும், சரியா' என்று என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். 'நன்றி.' என்று ஒரு சொல் எழுதி அதோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் குழுவை நடத்துபவர் என்னை அழைத்து, 'அந்தத் தம்பி மேல் கோபமா?' என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முழு வாக்கியம் எழுதும் பொறுமை இளையவர்களிடம் அற்றுப்போய்விட்டதா? பல வயதினர் கூடிப் பேசும் இடத்தில் இத்தகைய சுருக்கங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் முன்மொழியலாமா? அல்லது இவற்றின் பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் எங்களுக்கு வழியா?

பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட ஒரு வாசகி

*

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் உங்களை ஒதுக்கவில்லை. நீங்கள் எழுதியதை முழுமனத்தோடு ஆமோதித்திருக்கிறார். 'ஐகேஆர்' என்பதற்கு நெருக்கமான தமிழ்ச் சொல்லைத் தேடினால் நம் பேச்சில் உள்ள 'அதானே!' என்பதில்தான் போய் நிற்கும். நம் மொழியைப் புதிதாகக் கற்கும் ஒருவர் அந்தச் சொல்லை 'அது' என்றும் 'தானே' என்றும் பிரித்து, இரண்டுக்கும் அகராதியில் பொருள் தேடிக் கூட்டினால், 'நானும் அதையேதான் நினைத்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள்' என்ற மகிழ்ச்சி அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? உங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. எழுத்துகளின் விரிவு கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை.

ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வது பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். பட்டியல் விரிவைத் தரும், பயன்பாட்டைத் தராது. எல்லோரும் அறிந்த 'எல்ஓஎல்'லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வாய்விட்டுச் சிரிக்கிறேன்' என்பது அதன் விரிவு. ஆனால் இன்றைய உரையாடல்களில் அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பதில்லை. 'இன்னும் வேலை முடியவில்லை எல்ஓஎல்' என்று எழுதுகிறவர் அழும் நிலையில்கூட இருக்கலாம். மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர் 2013-இல் ஆற்றிய உரையொன்றில், அது நகைச்சுவையைக் குறிப்பதை விட்டு, பேசுகிறவர்களுக்கிடையே உள்ள இணக்கத்தைக் குறிக்கும் ஒட்டாக மாறிவிட்டது என்று விளக்கினார். நம் இலக்கணத்தின் சொல்லால் சொல்வதானால், அது இடைச்சொல் ஆகிவிட்டது. 'ஏ', 'ஓ', 'தானே', 'அல்லவா' ஆகியவை தனியே நின்று எதையும் சுட்டாமல், சொல்லப்பட்டதன் மேல் ஒரு சாயலை ஏற்றுகின்றன அல்லவா, அந்த வரிசையில் அதுவும் சேர்ந்துகொண்டது. இடைச்சொற்களைப் பட்டியலிட்டு ஒருவருக்குத் தமிழ் கற்பித்துவிட முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்தத் தடுமாற்றம் வயதானவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனின் பிரதமராக இருந்தபோது டேவிட் கேமரன், ஒரு பத்திரிகை நிர்வாகிக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளின் முடிவில் 'எல்ஓஎல்' என்று எழுதி வந்தார். 'நிறைய அன்புடன்' என்பது அதன் விரிவு என்று அவர் நினைத்திருந்ததும், பிறகு திருத்தப்பட்டதும் 2012-இல் அந்நாட்டின் ஊடக விசாரணையில் சாட்சியமாகவே பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

இனி உங்கள் 'நன்றி.' பற்றி. குழுவை நடத்துபவர் ஏன் அழைத்தார் என்பது அந்தச் சொல்லில் இல்லை, அதன் பின்னால் நீங்கள் வைத்த முற்றுப்புள்ளியில் இருக்கிறது. அச்சிலும் கடிதத்திலும் முற்றுப்புள்ளி வாக்கியம் முடிந்ததைக் காட்டுகிறது. உரையாடற்செயலியில், செய்தியை அனுப்பியதுமே வாக்கியம் முடிந்துவிடுகிறது. எனவே புள்ளிக்கு அங்கே வேலை இல்லை, வேலை இல்லாத புள்ளியை ஒருவர் வலிந்து வைத்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அங்கேயே வளர்ந்தவர்கள் எண்ணுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் 126 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒற்றைச்சொல் பதில் குறுஞ்செய்தியாக வந்து முற்றுப்புள்ளியோடு முடிந்தால், அதில் உண்மையான மனம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதில் கையெழுத்துக் குறிப்பாகக் காட்டப்பட்டபோது புள்ளியால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. நீங்கள் எழுதியது ஒற்றைச்சொல், உரையாடற்குழு, முற்றுப்புள்ளி. மூன்றும் பொருந்திவிட்டன. அந்த இளைஞரின் குறியை நீங்கள் தவறாகப் படித்தீர்கள். நீங்கள் குறி என்றே அறியாமல் வைத்த ஒன்றைக் குழுவினர் குறியாகப் படித்தார்கள். (என் பங்குக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன்: வாக்கியத்தை முடிக்க மனமில்லாதபோது மூன்று புள்ளிகள் வைத்து இழுப்பது என் வழக்கம். அதைப் பார்த்து, 'என்னிடம் எதையோ மறைக்கிறீர்களா?' என்று என் வயதில் பாதிகூட இல்லாத ஒருவர் கேட்ட பிறகுதான் கையைக் கட்டினேன்.)

பொறுமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தச் சுருக்கங்கள் பொறுமையின்மையில் தோன்றியவை அல்ல, இடமின்மையில் தோன்றியவை. 1985-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட், தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்து, 160 எழுத்துகள் போதும் என்ற முடிவுக்கு வந்தார்; குறுஞ்செய்தியின் அளவு அப்படித்தான் நிலைபெற்றது. 1992 டிசம்பர் 3-ஆம் நாள் அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்து, ஓர் எழுத்துகூடக் குறையாமல் முழுச் சொற்களில் இருந்தது. அது கணினியின் விசைப்பலகையில் அடிக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. கைப்பேசியின் எண்விசைகளில் எழுதத் தொடங்கியபோதுதான் நெருக்கடி புரிந்தது. 'நீ' என்று பொருள்படும் 'யூ' என்ற ஆங்கிலச் சொல்லை முழுதாக எழுத விசைகளை எட்டு முறை அழுத்த வேண்டும். அதே ஒலியைத் தன் பெயராகக் கொண்ட ஒற்றை எழுத்துக்கு இரண்டு முறை போதும். தமிழின் நிலை இன்னும் மோசம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யுனிகோடில் அனுப்பினால் ஒரு செய்தியின் கொள்ளளவு 160-இலிருந்து 70 ஆகச் சுருங்கிவிடும், மேலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். நம் கண்ணுக்கு ஐந்தெழுத்தான 'வணக்கம்', கணக்கில் ஏழு இடம்; அதாவது வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் செய்தியில் பத்தில் ஒரு பங்கு தீர்ந்துபோகும். நம்மவர்கள் ரோமன் எழுத்துக்கு ஓடியதில் சோம்பலின் பங்கு எவ்வளவு, இந்தக் கணக்கின் பங்கு எவ்வளவு என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மொழித்திறன் குறைகிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 10 முதல் 12 வயதுள்ள 88 ஆங்கிலேயச் சிறுவர்களிடம் கவன்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கங்களை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை, முன்னே இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு சொல்லைக் குறைத்து எழுத, அதில் எந்த ஒலி இல்லாவிட்டாலும் சொல் நிற்கும் என்று அறிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இப்போது அந்த இட நெருக்கடி இல்லை. எழுத்து வரம்பும் இல்லை, விசைப்பலகையே அடுத்த சொல்லை எடுத்து நீட்டுகிறது. சிக்கனத்துக்கான தேவை போன பிறகும் சுருக்கம் ஏன் நிற்கிறது? இங்கே நன்னூலை நினைத்துக்கொள்வது உதவும். வழக்குகளை வகுக்கும் இடத்தில் அந்நூல் மரூஉ என்று ஒன்றையும் குழூஉக்குறி என்று ஒன்றையும் சொல்கிறது. 'அருமருந்தன்ன' என்பது வாய்வழக்கில் தேய்ந்து 'அருமந்த' ஆவது மரூஉ; அது தேய்ந்த காசு, யார் கையிலும் செல்லும். பொற்கொல்லர்கள் தமக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்வது குழூஉக்குறி. அது அக்குழுவுக்கு வெளியே செல்லாக் காசு, செல்லக் கூடாது என்பதற்காகவே அடிக்கப்பட்டது. இணையச் சுருக்கங்களில் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. நீங்களும் நானும் நாளுக்கு இருபது முறை சொல்லும் 'ஓகே', 1839-இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளர்கள் 'எல்லாம் சரி' என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை எடுத்துச் செய்த வேடிக்கை. அன்று அது குழூஉக்குறி. இன்று அதை இளைஞர் மொழி என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. பழைய கணக்கேடுகளில் நம்மவர்கள் பற்றுக்கு ௶ என்றும், வரவுக்கு ௷ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் எழுதினார்கள். அவை 2003-இல் யுனிகோடில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் இன்று அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். குறி எந்தத் திசையிலும் போகும்.

அந்த இளைஞருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் 'ஐகேஆர்' இன்று மரூஉ. உங்களுக்கு அது குழூஉக்குறி. அவர் உங்களை விலக்கும் நோக்கத்தோடு எழுதவில்லை, ஆனால் நீங்கள் விலக்கப்பட்டீர்கள். இங்கேதான் எனக்கு அவர்கள் மேல் சிறு குறை உண்டு. இருவர் பேசும்போது சுருக்கம் இருவரின் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. நூறு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறவர் மிச்சப்படுத்தும் இரண்டு விநாடியை, தெரியாத ஒவ்வொருவரும் தேடிச் செலவழிக்கிறார்கள். திரைவாசிப்பானின் குரலில் கேட்டுப் படிக்கும் பார்வையற்றவருக்கு அது பொருளற்ற ஓர் ஒலியாகவே போய்ச் சேரலாம். நன்னூல் நூலின் அழகுகளில் முதலாவதாகச் 'சுருங்கச் சொல்லல்' என்பதைச் சொல்லி உடனே 'விளங்க வைத்தல்' என்பதையும் சேர்க்கிறது. குற்றங்களில் முதலாவதாகக் 'குன்றக் கூறல்' என்பதை வைக்கிறது. சுருங்கியதா குன்றியதா என்பதை எழுதியவர் ஒருவரே தீர்மானிக்க முடியாது. படிப்பவரையும் கேட்டாக வேண்டும்.

அதற்காகத் தடை கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. தடை விதித்தால் எந்தச் சுருக்கத்தை எங்கே நிறுத்துவது? 'ஓகே' போகட்டுமா, 'எ.கா.' போகட்டுமா, 'பி.கு.' போகட்டுமா? தடைசெய்யப்பட்டவர்கள் தனிக்குழு தொடங்கிப் போய்விடுவார்கள். உங்கள் குழுவில் நாவலைப் பற்றி நான்கு பத்தி எழுத நீங்கள் இருப்பீர்கள், 'அதானே' என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இறந்தவருக்காக எழுதப்படும் 'ஆர்ஐபி' ('ரெஸ்ட் இன் பீஸ்', அமைதியில் உறங்குக). நண்பர் ஒருவரின் தந்தை மறைந்தபோது வரிசையாக நாற்பது முறை அந்த மூன்றெழுத்தைப் பார்த்தேன், அவற்றில் ஒன்று என்னுடையது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் என் வயதினர், இளைஞர்கள் அல்லர்.

தடைக்கு மாற்றாக ஒரு நடைமுறையை முன்மொழியுங்கள். 'ஓஎம்ஜி' ('ஓ மை காட்', அட கடவுளே) என்ற குறியின் இதுவரை கிடைத்த மிகப் பழைய பதிவு 1917 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இருக்கிறது. எழுதியவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்த ஃபிஷர் பிரபு, அப்போது அவருக்கு வயது 76. பெற்றவர் 42 வயது வின்ஸ்டன் சர்ச்சில். பதின்வயதினரின் அடையாளமாக நாம் நினைக்கும் குறியை ஒரு கிழவர்தான் இளையவருக்கு எழுதியிருக்கிறார். நான் கவனிப்பது அதைவிட அடுத்து அவர் செய்ததை: அக்குறியின் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதன் விரிவையும் எழுதிவிட்டார். குழுவில் புதிய குறியை முதன்முறை எழுதுகிறவர் அப்படிப் பொருளையும் சேர்த்து எழுதட்டும். யாரேனும் பொருள் கேட்டால் கேலி இல்லாமல் ஒரு வரியில் சொல்லட்டும். கேட்பவரும் குற்றஞ்சாட்டும் குரலில் கேட்காதிருக்கட்டும். இது நம் பக்கத்து வேலை.

அந்த இளைஞருக்கு இன்னும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நடந்ததை விளக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் ஆமோதித்தது உங்கள் நான்கு பத்திகளில் எதை என்று கேளுங்கள். ஒருவேளை அவரும் நான்கு பத்தி எழுதக் கூடும். எழுதினால் எனக்கும் அனுப்பிவையுங்கள். அந்த நாவலின் முடிவைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்