ஜிஏபிடிஎச்சை நம்பலாமா? கியூபிசிஆர் கேள்வி-பதில்

கேள்வி: கியூபிசிஆரில் (ஒரு ஜீனின் ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) எங்கள் லேபில் எல்லோரும் ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஎச் ஜீனைத்தான் போடுகிறார்கள். ஹைபாக்சியாவில் (ஆக்சிஜன் குறைவில்) வைத்த புற்றுநோய் செல்களுக்கும் அதையே ரெஃபரன்ஸ் ஜீனாக (அளவுகோலாக வைக்கும் மாறாத ஜீன்) வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது குளுக்கோஸை உடைக்கும் பாதையில் இருக்கும் என்சைம். ஆக்சிஜன் குறைந்தால் செல் முடுக்கிவிடுவதே அந்தப் பாதையைத்தான். பல செல் வகைகளில், ஆக்சிஜன் குறைவில் செயல்படும் ஹிஃப்-1 புரதம் இந்த ஜீனையும் ஏற்றிவிடும். உங்கள் ஜீன் இரண்டு மடங்கு கூடி, ஜிஏபிடிஎச்சும் இரண்டு மடங்கு கூடினால், "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவீர்கள். நீளும் முழக்கோலால் துணி அளந்த கதைதான். எல்லோரும் போடுகிறார்கள் என்பது பழக்கம், ஆதாரம் அல்ல.

கேள்வி: சரி, வேறு எதைப் போடுவது? எத்தனை?

பதில்: பெயர் சொல்லிவிட்டால் அதுவும் நாளைக்கு இன்னொரு ஜிஏபிடிஎச் ஆகிவிடும். எட்டுப் பத்து ஜீன்களை எடுத்து, கன்ட்ரோல், ட்ரீட்மென்ட் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். 2002-இல் வந்த ஜீநார்ம் என்ற கணிப்பு முறை, ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு எம் மதிப்பு (குறைந்தால் ஜீன் நிலையானது) தரும். ஒரே வகை சாம்பிள்களில் 0.5-க்குக் கீழே இருந்தால் நல்லது. வி2/3 மதிப்பு (மூன்றாவது ஜீனைச் சேர்த்தால் கணக்கு எவ்வளவு மாறும் என்ற எண்) 0.15-க்குக் கீழ் வந்தால் இரண்டு ஜீன் போதும், இல்லையென்றால் மூன்றாவதையும் சேர்த்து அவற்றின் பெருக்குச் சராசரியால் உங்கள் ஜீனின் அளவை வகுக்க வேண்டும். ஒரு பொறி உண்டு: ஒன்றாகவே ஏறி இறங்கும் இரண்டு ஜீன்களை ஜீநார்ம் 'நிலையானவை' என்று நம்பிவிடும். அதனால் வெவ்வேறு வேலை பார்க்கும் ஜீன்களாகத் தேர்ந்தெடுங்கள். நார்ம்ஃபைண்டர் என்ற இன்னொரு கணிப்பு முறையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஓலிகோ டிடி (ஆர்என்ஏவின் பாலி-ஏ வாலில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) கொண்டு சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தேன். ரெஃபரன்ஸுக்கு 18எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ) சரிவருமா?

பதில்: வராது. 18எஸ் ஆர்என்ஏவுக்கு ஓலிகோ டிடி ஒட்டும் பாலி-ஏ வால் கிடையாது.

கேள்வி: அராபிடாப்சிஸில் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) நன்றாக வேலை செய்த பிபி2ஏ ரெஃபரன்ஸ் ஜீன் நெல்லுக்கும் பொருந்துமா?

பதில்: சோதிக்கும் பட்டியலில் சேருங்கள், சோதிக்காமல் நம்ப வேண்டாம். பிரைமரையும் (ஜீனில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) நெல் வரிசைக்கே புதிதாக வடிவமைத்து, எஃபிஷியன்சி (ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டிப்பானால் 100) 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மனித செல்லில் பீட்டா ஆக்டின். ஆர்டி என்சைம் (ஆர்என்ஏவை சிடிஎன்ஏ ஆக்குவது) சேர்க்காத குழாயிலும் சிக்னல் வருகிறதே? பிரைமர் எக்ஸான் இணைப்பில்தான் (இடையிலுள்ள இன்ட்ரான் நீங்கி எக்ஸான்கள் சேரும் இடம்) இருக்கிறது.

பதில்: நானும் இதில் ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறேன். பீட்டா ஆக்டினுக்கு ஜீனோமில் இன்ட்ரான் இல்லாத போலி ஜீன்கள் நிறைய. ஆர்என்ஏவோடு ஜீனோம் டிஎன்ஏ கலந்திருந்தால், இணைப்பு பிரைமர் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆர்என்ஏவை டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டி அழிக்கும் என்சைம்) போட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறமும் வந்தால் ஆக்டினை விட்டுவிடலாம்.